பாப்பா குளிக்கிற தண்ணீர்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து காற்று. மழைக்கான அறிகுறியே இல்லை. கொடியில் காயப்போட்ட வெள்ளை யூனிஃபார்மில் புழுதி. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி. படம் வரையணும்.

பாப்பாவுக்குக் கழுத்து மடிப்பில் மறுபடி சிவப்பு. முழங்கையிலும். போன வாரம் குறைந்திருந்தது.

வேம்பாரிலிருந்து போன். அக்காவின் மாமியார். (இனிமேல் வே.அ. என்று எழுதுவேன். வேம்பார் அத்தை. யாராவது எடுத்துப் படித்தால் சட்டென்று புரியக் கூடாது.) அம்மா கையில் மீன் ஈரம், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மைனி, பிள்ளைக்குத் தடிப்பு இன்னும் அமரலயாமே?"

"குறைஞ்சிட்டு மைனி. லேசாத்தான்..."

"உங்க ஊர்த் தண்ணி அப்படி. எங்க கிணத்துத் தண்ணிக்கு சோப்பக் காட்டுனாலே நுரைக்கும். கொடியேத்தத்துக்கு வாரேன்ல்லா, அப்படியே தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன். தோல் விசயம். விளையாடக் கூடாது."

பிள்ளை பெற்றவளை அஞ்சாம் மாசம்தான் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். பாப்பாவுக்கு ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. அம்மா அதைச் சொல்வாள் என்று பார்த்தேன். "வாங்க மைனி" என்று மட்டும் சொன்னாள்.

குசினி வாசலில் அக்கா. கையில் பாப்பா துணி. பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அக்கா அந்த வீட்டுக்குப் போகப் பயப்படுகிறாள். முழுக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். பாப்பா வயிற்றில் இருந்தபோது அங்கே அவளுக்குக் காய்ச்சல். எழுந்து உட்கார முடியவில்லை. அவள் போனை வே.அ. வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மாவிடம் பேசணும் என்று கேட்டதற்கு, "உங்கம்மா வந்து காய்ச்சல எடுத்துத் தன் தலையில வச்சுக்கிடுவாளா?" என்றாராம். காய்ச்சல் என்பதே அங்கே பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மாவிடம் அக்கா, "போன் ரிப்பேரு" என்று சொல்லிவிட்டாள். என்னிடம் மட்டும் பீரோவைச் சொன்னாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஜெபமாலையைத் தொட்டு வாக்கு வாங்கினாள்.

அத்தான் கப்பலில். அக்டோபரில் இறங்குவார். அவர் வீட்டில் இருந்தால் வே.அ. வேறு ஆள் என்கிறாள் அக்கா. அஞ்சாம் மாசம் என்றால் அத்தான் வந்திருப்பார். இப்போது போனால் யாரும் இல்லை.

எங்கள் மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றம் 26ஆம் தேதி.

ஜூலை 15, செவ்வாய்

காற்று. அதே.

எல்லாவற்றுக்கும் மேல் இருக்கிற பயத்தை எழுதிவிடுகிறேன். மெஷின்.

எங்கள் தெருவில் பைப்பில் வருவதும் போர் தண்ணியும் ஒரே தொட்டியில் விழும். குடிக்க முடியாத உப்பு கிடையாது, வாயில் வைத்தால் லேசாக ஒரு மாதிரி. இந்தத் தண்ணியால் எங்கள் வீட்டில்:

குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு. நான்தான் புளி வைத்துத் தேய்ப்பேன்.
கெட்டிலுக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி.
எவர்சில்வர் வாளியில் கோடு கோடாக.
பருப்பு வேகாது. கேன் தண்ணிக்கு மாறுகிற வரை அம்மாவுக்கும் குக்கருக்கும் தினம் சண்டை.
என் தலைமுடி. அதைப் பற்றி எழுதவே வேண்டாம்.

பாப்பாவுக்கு முதல் தடிப்பு வந்தபோது வே.அ. தண்ணியைச் சொன்னார். அப்பாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அடுத்த வாரமே தண்ணியைச் சரி பண்ணுகிற மெஷின் வந்துவிட்டது. குளியலறைக்குப் பின்னால், மோட்டார் பக்கத்தில், நீல நிறத்தில் ஒரு நீள உருளை. பக்கத்தில் உப்புப் போட ஒரு வெள்ளைத் தொட்டி. வாரம் ஒரு தரம் உப்பு போட்டு லிவரைத் திருப்பி, கொஞ்ச நேரம் விட்டு, அலசி, பழையபடி வைக்கணும். ஸ்டிக்கர் எல்லாம் இங்கிலீஷ். அதனால் அது என் வேலை.

மாட்ட வந்தவர் தண்ணியில் ஏதோ சொட்டு விட்டுப் பார்த்து, "ரொம்ப மோசமில்லம்மா, நடுத்தரம்தான். மெஷின் இல்லாமலேகூட சமாளிக்கலாம்" என்றார். போகும்போது ஒரு பாக்கெட் கொடுத்தார். பெப்பர்மின்ட் மாதிரி வெள்ளை வில்லைகள். "இந்த உப்பு மட்டும்தான் போடணும். தீந்தா போன் பண்ணுங்க." நான் மட்டும்தான் கேட்டேன். அப்பா வாசலில் யாரிடமோ மெஷின் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வில்லை தீர்ந்தது. சொன்னேன்.

அப்பா உப்பளத்தில் சூப்பர்வைசர். அவருடைய அப்பாவும் உப்பளம்தான். என்னைப் பார்த்துச் சிரித்தார். "தூத்துக்குடியில உக்காந்துக்கிட்டு உப்ப பாக்கெட்டுல வாங்கச் சொல்லுதியா? நாலு பேரு கேட்டா வாயால சிரிக்க மாட்டான் ஏளா."

சாயங்காலம் பைக்கில் ஒரு மூட்டை. அளத்திலிருந்து நேராக. பெரிய பெரிய கல், அடியில் சாம்பல் நிறம்.

"வந்தவரு வேற உப்பு போடக் கூடாதுன்னாருப்பா..."

"எனக்கு நீ உப்பப் பத்திப் படிச்சுத் தாரியா?"

அதோடு சரி. அவர் அப்படிக் கேட்டால் வீட்டில் யாரும் அடுத்த வார்த்தை பேச மாட்டோம். அடிக்க மாட்டார். சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார். அது அடியைவிட மோசம்.

நான் அந்த உப்பைப் போட்டு ரெண்டு வாரமாகப் போகிறது. பாப்பாவுக்குத் திரும்பத் தடித்தது அதற்குப் பிறகுதான்.

ஜூலை 17, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. அம்மா தூங்கவே இல்லை.

பாப்பா முதுகிலும் வந்துவிட்டது. குளிக்க ஊற்றும்போது அழுகிறாள். பசி அழுகை இல்லை, வேறு மாதிரி. அம்மா காலை நீட்டி உட்கார்ந்து பாப்பாவைக் குப்புறப் போட்டு ஊற்ற, நான் மக்கில் மொண்டு கொடுக்கிறேன். பாப்பா முதுகையே பார்த்துக் கொடுத்ததில் தண்ணி தரையில் சிந்தியது. "தண்ணிய ஒழுங்கா மொள்ளேன், எங்க பாக்க?" என்று அம்மா.

அக்கா துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தாள். "ஏளா, 26ஆம் தேதிக்குள்ள பிள்ளைக்குச் சரியாயிரும்ல்லா?"

"ஆயிரும்க்கா."

"சரியாகலன்னா நான் என்ன சொல்லி நிக்க முடியும்? பிள்ளைக்காகத்தான கூப்பிடுதாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

பீரோவைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். சொன்னால் அப்பா வேம்பாருக்குப் போய்ச் சத்தம் போடுவார், அத்தான் கப்பலில் இருந்து என்ன செய்வார், எல்லாம் முறிந்துவிடும் என்கிறாள். "எனக்கு அவங்க வேணும். அந்த வீடு மட்டும்தான் இப்ப வேண்டாம்."

என் ஆயின்ட்மென்ட் டப்பாவைக் காணோம். இங்கிலீஷ் டெஸ்டில் 31.

ஜூலை 18, வெள்ளி

கெமிஸ்ட்ரி வகுப்பில் மிஸ் இன்று நடத்தியது கடின நீர். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏதோ என்னைப் பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தின மாதிரி.

மிஸ் சொன்னது: தண்ணியில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் கடினம். சோப்பு நுரைக்காமல் தயிர் திரிந்த மாதிரி ஆகும். அதில் கொஞ்சம், காய்ச்சினாலே அடியில் படியும். மீதியை மெஷின் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததைக் கழுவிவிட உப்புத் தண்ணி.

கை தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று தெரியவில்லை. "மிஸ், அளத்து உப்பைப் போட்டா?"

பின் பெஞ்சில் சிரிப்பு. "அவ அப்பா லாரியோட கொண்டுவந்து தட்டுவாரு மிஸ்."

மிஸ் சிரிக்கவில்லை. "சுத்தம் பண்ணாத உப்பா? அதுல மண்ணு இருக்கும். மெக்னீசியமும் கால்சியமும் இருக்கும். எதை வெளிய எடுக்க மெஷின் வச்சோமோ அதையே கொண்டுபோய் உள்ள கொட்டுற மாதிரி. மண்ணு போய் வால்வுல நின்னுட்டா மூடாது, உப்புத் தண்ணி குளிக்கிற தண்ணியில கலந்து வரும்."

எழுதிக்கொண்டேன். பேனா மை கையெல்லாம்.

பாப்பா முதுகில் நான் ஊற்றினது உப்புத் தண்ணியா?

ஜூலை 19, சனி

மதியம் வரை பள்ளி. பிறகு அம்மா, அக்கா, பாப்பாவோடு டாக்டரிடம். கூட்டம். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாப்பாவின் மடிப்புகளை விரித்துப் பார்த்தார். இந்த ஊரில் பாதிப் பிள்ளைக்கு இது இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். "சோப்பைக் குறைங்க. தினமும் தேய்க்காதீங்க. சோப்பு தோல்ல நிக்காம நல்லா அலசுங்க. குளிச்ச ஈரத்தோட தேங்காய் எண்ணெய். இந்தக் களிம்பு."

அம்மா, "தண்ணிதான் காரணமா டாக்டர்?"

"தண்ணியும் ஒரு பங்கு இருக்கலாம். அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

நான் கேட்க நினைத்தேன். உப்புத் தண்ணி ஊற்றினால் எரியுமா? வாய் வரை வந்தது. அம்மா பக்கத்தில். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செய்து பார்த்தேன். மெஷினுக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறது, செடிக்கு ஊற்ற. அதில் ஒரு பாட்டில். குளியலறைக் குழாயில் ஒரு பாட்டில். ரெண்டிலும் ஒரே அளவு சோப்புத் தண்ணி விட்டு மூடிக் குலுக்கினேன்.

செடித் தண்ணி: நுரை கொஞ்சம். நின்றது.
குளியலறைத் தண்ணி: நுரையே இல்லை. மேலே பாலாடை மாதிரி.

பிறகு வாயில் வைத்தேன். துப்பினேன். திரும்ப வைத்தேன். உப்பு. அதற்குள் ஒரு கசப்பு.

எங்களுக்கெல்லாம் ஏன் தெரியவில்லை? குடிக்கிற தண்ணி கேன். பருப்புக்கும் அதுதான், இப்போது. பல் விளக்குவது செடிக் குழாயில். குளிக்கும்போது யார் ருசி பார்ப்பார்கள்? பாப்பாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மாதாவே.

ஜூலை 20, ஞாயிறு

பூசை. பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று கோயிலிலேயே முடிவு பண்ணினேன். எப்படி ஆரம்பிப்பது என்று நாலு விதமாக யோசித்து வைத்தேன். வரும் வழியில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் நின்றார்.

"என்னலே, வீட்டுல மெஷினெல்லாம் வச்சுட்டியாமே?"

"வச்சாச்சு. உப்பு மட்டும் நம்ம உப்பு. கம்பெனிக்காரன் வில்லை குடுக்கான், மாத்திரை மாதிரி. போலே, உப்புக்குச் சீக்கான்னு கேட்டேன்."

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. நாலு விதமும் போச்சு.

மதியம் அப்பா தூங்கினார். அம்மாவும். மோட்டார் பக்கம் போனேன். லிவருக்கு மேல் கடைசி ஸ்டிக்கர், பைபாஸ். அப்படி வைத்தால் தண்ணி மெஷினுக்குள் போகாமல் நேராக வீட்டுக்கு வரும். பழைய தண்ணி. நடுத்தரத் தண்ணி.

திருப்பினேன். டக் என்று சத்தம், தெருவுக்கே கேட்ட மாதிரி. யாரும் எழவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், உப்பு போகிற வரை.

இப்போது நான் செய்திருப்பது திருட்டா, பொய்யா? யாரும் கேட்கவில்லை, அதனால் பொய் இல்லை. ஆனாலும்.

ஜூலை 22, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கியது. புழுக்கம்.

பைபாஸ் மட்டும் போதாது. பழைய தண்ணியிலும்தானே முதல் தடிப்பு வந்தது. மிஸ் சொன்ன காய்ச்சுகிற விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பாப்பாவுக்கு வெந்நீர் போடுகிறோம்தான். ஆனால் கொதித்த தண்ணியை எடுத்து, அதில் பச்சைத் தண்ணியை விளாவி, சூடு பார்த்து ஊற்றுவாள் அம்மா. படிந்தது படிந்தபடி இருக்க, பாதி புதுத் தண்ணி சேர்ந்துவிடுகிறது.

அதனால்: முதல் நாளே அண்டாவில் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி, ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேல் தண்ணியை மட்டும் மொண்டு இன்னொரு பானையில். காலையில் அதையே வெதுவெதுப்பாக்கி ஊற்றுவது. விளாவவும் அதே ஆறின தண்ணி.

அம்மாவிடம் டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். (இது பொய். எழுதி வைக்கிறேன்.)

"எப்பச் சொன்னாங்க? நானும் அங்கனதான இருந்தேன்."

"நீ மருந்துச் சீட்டு வாங்கப் போனேல்லா, அப்ப."

அம்மா சிலிண்டரைத் தட்டிப் பார்த்தாள். "கேஸ் ஒரே வாரத்துல தீந்துரும் போ" என்றாள். ஆனால் அண்டாவை இறக்கிக் கொடுத்தாள்.

அண்டா அடியில் இன்று வெள்ளையாக ஒரு படலம். விரலால் வழித்தேன். மாவு மாதிரி. அக்காவுக்குக் காட்டினேன். "இதா பிள்ளை மேல ஊத்தினோம்?" என்று கேட்டாள். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். இதைவிட மோசமானதை ஊற்றினோம் அக்கா.

சோப்பு ஒருநாள் விட்டு ஒருநாள். எண்ணெய். களிம்பு.

ஜூலை 24, வியாழன்

பாப்பா இன்று குளிக்கும்போது அழவில்லை. அம்மா காலில் கிடந்தபடி கையில் பட்ட என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

முதுகு பரவாயில்லை. கழுத்து இன்னும் இருக்கிறது. ஓரம் காய்ந்திருக்கிறது. எதனால் என்று எனக்கே தெரியாது. தண்ணியா, சோப்பா, களிம்பா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டேன். மிஸ் கேட்டால் சோதனை தப்பு என்பார்.

அப்பா வந்ததும் முதல் கேள்வி பாப்பா. சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். "பாத்தியா? உப்பு உள்ள போய்ப் பிடிக்க நாளாகும்னு சொன்னேன்ல்லா." அப்படி அவர் சொல்லவே இல்லை. வேம்பாருக்கு அவரே போன் போட்டார். "மைனி, மெஷின் வேலை செய்யுது. பிள்ளை முதுகு பட்டு மாதிரி ஆயிட்டு. நம்ம உப்பு!"

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை உப்பு போடுகிற நாள். அப்பா, "மறந்திராத, மூட்டையில பாதி இருக்கு" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

ஊரெல்லாம் நாளைய கொடியேற்றத்துக்கு லைட்டு. எங்கள் தெருவிலும் சீரியல் பல்பு கட்டுகிறார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்குகிற சத்தம்.

இன்று மாட்டியிருப்பேன். அப்பா மோட்டார் போடப் பின்பக்கம் போனார். நான் ஓடினேன். "நான் போடுதேன்பா!" என்று கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா நின்று பார்த்தார். "என்ன ஏளா, பேயடிச்ச மாதிரி?"

"படிச்சு படிச்சு அலுப்புப்பா. நடக்கணும்போல இருந்துச்சு."

நம்பினாரா தெரியாது. லிவர் பைபாஸில் இருப்பதைப் பார்த்தாலும் அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வேறு பக்கம் திரும்பி இருப்பது தெரியும்தானே.

பாப்பா கழுத்தும் நல்லா இருக்கு. நாளைக்கு வே.அ. பார்ப்பார். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. போய்விடுவார்.

அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 26, சனி

எழுதக் கை வரவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

கொடியேற்றம் முடிந்து வே.அ. வீட்டுக்கு வந்தார். கூட்டத்தில் நின்று வேர்த்த முகம், கையில் பலூனும் மஸ்கோத் அல்வாவும். பாப்பாவை வாங்கி, உட்காருவதற்கு முன்னாலேயே சட்டையைக் கழற்றினார். கழுத்து மடிப்பை விரித்தார். அக்குளைப் பார்த்தார். முதுகில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"ம். நல்லாத்தான் இருக்கு."

அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அக்கா காப்பி கொண்டுவந்தாள், தம்ளர் ஆடாமல்.

அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மெஷின் கதை, வில்லைக் கதை, அளத்து உப்புக் கதை. வே.அ. எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டார். காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்:

"அப்ப ஒண்ணு செய்வோம் அண்ணே. இங்கன மெஷினால சரியாச்சுன்னா அங்கன கிணத்துத் தண்ணியோட மெஷினும் இருந்தா இன்னும் நல்லதுல்லா. அந்த மெஷினையே கழட்டித் தாங்க. உப்பும் ஒரு மூட்டை. வேன் நாளைக்குத்தான் போவுது. தாயும் பிள்ளையும் மெஷினோட வந்துரட்டும்."

நான் சரி பண்ணினதே அக்காவை அனுப்பப் போகிறது.

அம்மா, "அஞ்சாம் மாசம்..." என்று ஆரம்பித்தாள். வே.அ. சிரித்தார். "அந்தக் காலத்து முறை மைனி. தகப்பன் இல்லாத நேரத்துல பிள்ளை எங்க வீட்டுல வளந்தா ஊர் தப்பாவா பேசும்? எம் பேரப்பிள்ளைய நான் பாக்க வேண்டாமா?"

அக்கா குசினிக்குள் போய்விட்டாள். குழாய் திறந்த சத்தம். சும்மா திறந்துவிட்டிருக்கிறாள்.

அப்பா எழுந்தார். பெருமைதான், முகமெல்லாம் பெருமை. "வாங்க மைனி, மெஷின மொதல்ல பாருங்க" என்று பின்பக்கம் நடந்தார். வே.அ. பின்னால். நான் அவர்களுக்குப் பின்னால்.

அப்பா லிவரைப் பார்த்தார். கை தூக்கியவர் அப்படியே நின்றார். உப்புத் தொட்டி மூடியைத் திறந்தார். கடைசியாகப் போட்ட உப்பு கரையாமல் அப்படியே கிடந்தது, அடியில் கறுப்புச் சேறு. ஒரு விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தார். அளத்தில் பாத்தித் தண்ணியை அப்படித்தான் பார்ப்பார், நான் பார்த்திருக்கிறேன். பாத்தியில் உப்பு எடுத்தபின் மிஞ்சுகிற கசப்புத் தண்ணியை வடித்துவிட வேண்டும், வடிக்காமல் விட்டால் உப்பு கெட்டது என்று ஆட்களைத் திட்டுவார். அந்தத் திட்டு இப்போது அவர் முகத்தில் வந்தது. துப்பினார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கு மூத்திரம் வந்துவிடும்போல இருந்தது. வாயைத் திறந்தேன். "நான்தான்ப்பா..."

"என்ன அண்ணே, ஓடலயா?" என்று வே.அ. எட்டிப் பார்த்தார்.

அப்பா மூடியைப் போட்டார். துடைத்துக்கொண்டே, சத்தமில்லாமல், ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "ஓடுது மைனி, நல்லா ஓடுது. ஆனா இதக் கழட்ட முடியாது. இந்த வீட்டுத் தண்ணிக்குன்னு அளந்து வச்சது. உங்க கிணத்துத் தண்ணிக்கு வேற அளவு. ஆளு வந்து தண்ணி எடுத்துட்டுப் போயி, பாத்து, வேற மெஷின் வரணும். அக்டோபர் ஆயிரும்."

"அவ்வளவு நாளா?"

"பிள்ளைத் தோலு. விளையாடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய. இங்கன சரியான பிள்ளைய அங்கன கொண்டுபோயி மறுபடி தடிச்சா மாப்பிள்ளைக்கு யாரு பதில் சொல்ல? நானே சொல்ல முடியாது. அஞ்சாம் மாசம் முறைப்படி நானே கொண்டாந்து விடுதேன், மெஷினோட."

வே.அ. அந்த நீல உருளையை மேலும் கீழும் பார்த்தார். அதைத் தட்டியும் பார்த்தார். டொங் என்றது. "திருவிழா கடைசி நாள் திரும்ப வருவேன். அப்ப பாப்பேன், பிள்ளை எப்படி இருக்கான்னு."

"வாங்க மைனி. சாப்பாடு இங்கனதான்."

அவ்வளவுதான். அல்வாவை வைத்துவிட்டு, ராத்திரி தங்குகிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா சாப்பிடாமல் எழுந்து போவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டார். ரெண்டாம் தரம் மீன் கேட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

பூசைக்குப் போகும் முன்னால் பின்பக்கம் சத்தம். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புத் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கறுப்புச் சேறு வாய்க்காலில் ஓடியது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்பத்துலருந்து திருப்பி வச்சிருக்க?"

"போன ஞாயித்துக்கிழமைப்பா."

"அப்ப முதுகு சரியானது?"

காய்ச்சின தண்ணி, சோப்பு, எண்ணெய், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பெயரில் சொன்ன பொய்யையும். விளாவுவதைச் சொல்லும்போது அவர் கை நின்றது. கேட்டார். மறுபடி சொன்னேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

தூணைச் சுரண்டினேன். பதில் அவருக்கே தெரிந்துவிட்டதுபோல, தொட்டியைத் திரும்ப நிமிர்த்தி வைத்தார்.

"அந்த வில்லைக்காரன் நம்பர் இருக்கா?"

"இருக்குப்பா."

"இப்ப வேண்டாம். திருவிழா முடியட்டும். அது வரைக்கும் லிவர் எங்கன இருக்கணும்?"

"இப்படியே இருக்கட்டும்பா."

"மூடிய மட்டும் இறுக்கிப் போட்டு வை. யாரும் தொறந்து பாக்கக் கூடாது." நடந்தார். நின்றார். திரும்பாமலே கேட்டார்: "உங்கக்கா நேத்து எதுக்குக் குழாயத் தொறந்து விட்டுட்டு நின்னா?"

ஜெபமாலை ஞாபகம் வந்தது. வாக்கு. அப்பா காத்திருந்தார். வழக்கமாகக் காத்திருக்க மாட்டார்.

"அக்காட்ட கேளுங்கப்பா" என்றேன். "சத்தம் போடாமக் கேளுங்க."

சாயங்காலம் ரெண்டு பேரும் மாடியில். அக்கா குரல் கேட்டது, அப்பா குரல் கேட்கவே இல்லை. இறங்கி வந்தபோது அக்கா கண் வீங்கியிருந்தது. நடை லேசாக இருந்தது. அப்பா நேராகக் குசினிக்குப் போய், நாங்கள் யாரும் பார்த்திராத மாதிரி, அண்டாவை எடுத்து அடுப்பில் வைத்தார்.

"விளாவக் கூடாது, அப்படித்தான?"

"ஆறின தண்ணிய விளாவலாம்பா. பச்சத் தண்ணிதான் கூடாது. அடியக் கலக்கிராதீங்க."

திருவிழா முடிய ஒன்பது நாள். இன்று பாப்பா காதுக்குப் பின்னால் புதுசாக ஒரு சிவப்பு. சின்னது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு அப்பாவிடம்தான் முதலில் சொல்லப் போகிறேன்.